சாகுலின் கத்தியும் ஏட்டையா வாங்கி வைத்த அரிவாளும்

காட்டுக்குக் கொண்டுபோகிற பெரிய கத்தியை எப்படித் தேர்ந்தெடுப்பது என்று உங்களுக்குச் சொல்லித்தர என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நீங்கள் இந்த சீசனுக்குக் கேம்ப் லீடர்களாகப் புதிதாகச் சேர்ந்தவர்கள். நான் ஓய்வு பெற்றவன் என்று அறிமுகப்படுத்தினார்கள். சரியாகச் சொன்னால் ஓய்வு பெற்றது என் வலது முழங்கால். அது மேலே ஏற மாட்டேன் என்று சொல்லிவிட்டதால், தனியாக விட மனமில்லாமல் நானும் கீழேயே இருந்துகொண்டேன். ஐம்பத்து நாலு வயதில் மலைப்பக்கம் சும்மா பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் ஒரு லாபம் உண்டு. நாம் செய்ததெல்லாம் திட்டமிட்டுச் செய்தது போலவே தோன்றும்.

இந்த மேசையில் இரண்டு பொருள் வைத்திருக்கிறேன். ஒன்று அரிவாள். இன்னொன்று முனை உடைந்து, விளிம்பு முழுக்க பல் விழுந்த ஒரு கறுப்புக் கத்தி. உள்ளே வந்ததும் நீங்கள் எல்லோரும் அரிவாளைத்தான் தூக்கிப் பார்த்தீர்கள். ஒரு தம்பி வீசியும் பார்த்தார். பக்கத்தில் நின்றவர் பின்னால் நகர்ந்தார், அது நல்ல பழக்கம். அந்தக் கறுப்புக் கத்தியை யாரும் தொடவில்லை. “இதைப் பழைய இரும்புக்குப் போடலாமே” என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

முதலில் பாடத்தை முடித்துவிடுகிறேன். கடையில் கத்தி வாங்கப் போகும்போது புத்துணர்ச்சியோடு போகாதீர்கள். மூன்று வீட்டு வேலை பார்த்துவிட்டு, கை ஓய்ந்த பிறகு போங்கள். காட்டில் உங்கள் கை அப்படித்தான் இருக்கும். கடையில் ஏசி காற்றில் நின்று தூக்கினால் எல்லாக் கத்தியும் இறகு மாதிரிதான் தெரியும். உள்ளங்கையில் சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டு பிடித்துப் பாருங்கள். கடைக்காரர் முறைப்பார். முறைக்கட்டும், சாரலில் நனையப்போவது அவர் கை அல்ல. இரும்பு பிடிக்குள் கடைசிவரை போயிருக்கிறதா என்று கேளுங்கள். பிடியைக் கழற்றினால் உள்ளே திசைகாட்டியும் தீக்குச்சியும் இருக்கிற கத்தி என்றால், அந்த இடத்தில் இரும்பு இல்லை என்று அர்த்தம். உறை இறுக்கமாக இருக்க வேண்டும். நடக்கும்போது கத்தி உங்களுக்கு முன்னால் கீழே இறங்கக் கூடாது. முதுகில் ரம்பப் பல் வைத்த கத்தி வேண்டாம் என்று பல வருஷம் சொல்லி வந்தேன். இப்போது அந்த ஒன்றை மட்டும் அவ்வளவு அழுத்திச் சொல்வதில்லை. ஏன் என்று பின்னால் தெரியும்.

பாடம் முடிந்தது. இதை எந்த வீடியோவிலும் பார்த்துவிடலாம். வீடியோவில் இல்லாத ஒன்றைச் சொல்லத்தான் வந்தேன்.

சில சீசன்களுக்கு முன்னால் கடையநல்லூரிலிருந்து சாகுல் என்று ஒருவர் கேம்புக்கு வந்தார். வளைகுடாவில் ஏசி மெஷின் பழுது பார்க்கிறவர், விடுமுறைக்கு ஊர் வந்திருந்தார். நாற்பது வயது இருக்கும். பாலைவனத்தில் வருஷக்கணக்கில் மொட்டை மாடிகளில் வெந்துபோனவருக்குப் பச்சையைப் பார்க்க வேண்டும், மழையில் நனைய வேண்டும், விறகு வெட்டிச் சமைக்க வேண்டும். கூடவே மச்சான் அனீஸையும் கூட்டிவந்தார். அனீஸுக்குப் பச்சையிலும் மழையிலும் எந்த ஆர்வமும் இல்லை. அக்கா அனுப்பினாள், வந்தான்.

தென்காசி ஸ்டேஷன் வாசலில் வேனில் ஏறும்போதே சாகுல் கத்தியை உருவிக் காட்டிவிட்டார். முழங்கை நீளம். கறுப்புப் பூச்சு, கனத்த முதுகு, முதுகில் ரம்பப் பல், அகலமான முனை. ஜெர்மன் இரும்பாம். ஊருக்கு அனுப்பும் பெட்டியில் பிள்ளைகளுக்கான சாக்லேட்டுக்கும் மனைவிக்கான சென்ட் பாட்டிலுக்கும் நடுவில் வைத்துக் கொண்டுவந்திருக்கிறார். இன்று உங்களுக்கு எஸ்தர் மேடமாக இருக்கிறவர் அன்று என்னோடு உதவிக்கு இருந்தார். ஆலங்குளத்துக்காரர், வாயை அடகு வைக்காதவர். கத்தியை மேலும் கீழும் பார்த்துவிட்டு, “அண்ணே, இத வச்சு மரம் வெட்டப் போறீங்களா, இல்ல படகு தள்ளப் போறீங்களா?” என்று கேட்டார். சாகுலும் சிரித்தார். நல்ல மனிதர், தன் கத்தியைக் கேலி செய்கிறவரிடமும் அதன் விலையைச் சொல்லாத மனிதர்.

நான் சிரிக்கவில்லை. எனக்குள் ஒரு அரிவாள்காரன் உட்கார்ந்திருந்தான். இந்த மலைக்கு எது தேவை என்று இந்த ஊருக்குத் தெரியாதா, ஜெர்மனிக்கா தெரியும் என்ற நினைப்பு. என் அரிவாள் வேனில் இருந்தது. சாணை பிடித்து, பூண் இறுக்கி, என் கைக்கென்றே பழகிய அரிவாள். வந்தவர்களில் வெளியூர் குடும்பம் ஒன்றும் இருந்தது. திருநெல்வேலிப் பக்கம் வந்து அரிவாளைப் பார்த்தால் அவர்களுக்குச் சினிமாதான் ஞாபகம் வரும். அவர்கள் பயப்படக் கூடாது என்று மரியாதையாக அதை ஒரு துண்டில் சுற்றி, என் சீட்டுக்கு அடியில் தள்ளியிருந்தேன்.

அந்த வாரம் ஒரு கோயில் கொடைத் திருவிழாவில் இரண்டு தரப்புக்கு ஏதோ உரசல். செங்கோட்டை ரோட்டில் போலீஸ்காரர்கள் தடுப்பு வைத்து எல்லா வண்டியையும் சோதனை போட்டார்கள். எங்கள் வேனில் ஏறியவர் ஒரு ஏட்டையா. கனத்த உடம்பு, நிதானமான கண். சாகுலின் மடியில் உறையோடு கிடந்த அந்தத் துடுப்பைப் பார்த்தார். கேம்புக்கு என்று சாகுல் சொன்னதும், “டூரிஸ்ட் சாமானா, சரி” என்று அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார். பிறகு குனிந்தார். துண்டைப் பிரித்தார். வெளியூர் குடும்பத்தில் அந்த அம்மா பிள்ளையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். யார் பயப்படக் கூடாது என்று சுற்றினேனோ, அவர்களே.

நான் இருபது வருஷமாக இந்த வேலை பார்க்கிறவன், எஸ்டேட் அனுமதிக் கடிதம் இருக்கிறது, இது விறகுக்கு என்றெல்லாம் சொன்னேன். ஏட்டையா கோபப்படவில்லை.

“வயக்காட்டுக்குப் போறவன் அருவாள தோள்ல போட்டுட்டுப் போவான் அண்ணாச்சி. துண்டுல சுத்திக் கொண்டு போறவன் வேற எடத்துக்குப் போறவன். நீங்க அப்படி இல்லன்னு எனக்குத் தெரியுது. மேல இருக்கவருக்குத் தெரியாதுல்லா. இது இங்கன இருக்கட்டும், திரும்பும்போது வாங்கிக்கிடுங்க.”

தடுப்பைத் தாண்டியதும் எஸ்தர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பண்பொழி தாண்டும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.

ஆக, மேக்கரைப் பக்கம் அந்தத் தனியார் எஸ்டேட்டில் கேம்ப் போட்டபோது எங்களிடம் இருந்த ஒரே பெரிய வெட்டுக்கருவி சாகுலின் கத்தி. எனக்கு அதில் எரிச்சல். அவருக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. எஸ்டேட்டில் விழுந்து கிடக்கிற காய்ந்த மரத்தை மட்டும்தான் தொடலாம், நிற்கிற மரத்தில் கை வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தேன். அவரும் அப்படியே கேட்டுக்கொண்டார். மறுநாள் மத்தியானச் சமையலுக்கு விறகு எடுக்கிறேன் என்று, அனீஸோடு பக்கத்து ஓடைக்கரைக்குப் போனார். சாரல் பெய்துகொண்டிருந்தது, காற்றும் பலமாக இருந்தது. ஓடையில் கணுக்கால் அளவு தெளிந்த தண்ணீர்.

கொஞ்ச நேரத்தில் அனீஸ் ஓடிவந்தான். ஓடிவந்த வேகத்தில் செருப்பு எங்கேயோ போயிருந்தது. அத்தான் மேல் மரம் விழுந்துவிட்டது என்றான்.

போய்ப் பார்த்தோம். மரம் விழவில்லை, மரத்தின் பட்டுப்போன கிளை ஒன்று காற்றில் முறிந்து விழுந்திருந்தது. கிளை என்றால் தென்னைமரத் தடிமன். சாகுல் ஓடை விளிம்பில் சரளைக்கல்லில் மல்லாக்கக் கிடந்தார். வலது கால் முழங்காலுக்குக் கீழே கட்டைக்கு அடியில். ரத்தம் இல்லை. முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து தூக்கிப் பார்த்தோம், அசையவில்லை.

அந்த நேரத்தில்தான் தண்ணீரைக் கவனித்தேன். தெளிந்திருந்த தண்ணீர் டீ நிறத்துக்கு மாறியிருந்தது. மேலே சருகுகள் கூட்டமாக மிதந்து வந்தன. குற்றாலத்துப் பக்கம் வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டாம். மேலே மலையில் நல்ல மழை, கொஞ்ச நேரத்தில் ஓடை ஓடையாக இருக்காது. தண்ணீர் ஏறினால் சாகுல் கிடந்த இடமும் ஓடைதான். எஸ்தர் யாரும் சொல்லாமலே வெளியூர் குடும்பத்தை மேட்டுக்கு ஏற்றிவிட்டு, எஸ்டேட் ஜீப்புக்கு ஆள் அனுப்பிவிட்டு வந்து, சாகுலின் தலையைத் தன் மடியில் தூக்கி வைத்துக்கொண்டார். தண்ணீர் சாகுலின் முதுகுக்கு வந்துவிட்டது.

அனீஸ் கத்தியை எடுத்துக் கட்டையைக் கொத்த ஆரம்பித்தான். ஒவ்வொரு வெட்டுக்கும் சாகுல் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினார். அதிர்வு நேராக அவர் எலும்புக்குப் போனது. கட்டையிலிருந்து தெறித்ததோ முறுக்குத் துண்டு அளவுச் செதில். அப்படியும் சாகுலே சொன்னார், நிறுத்தாதே மச்சான், வெட்டு என்று.

நான் கத்தியை அனீஸிடமிருந்து வாங்கினேன். இவன் வெட்டத் தெரியாமல் வெட்டுகிறான், நான் வெட்டினால் சீக்கிரம் முடியும் என்றுதான் வாங்கினேன். அதைத் தவிர வேறு நினைப்பு எனக்கு இல்லை. ஓங்கவும் செய்தேன். ஆனால் பிடி என் கைக்குத் தடிமன். விரல் சுற்றிவந்து உள்ளங்கையைத் தொடவில்லை. கை நழுவினால் கத்தி சாகுல் மேல்தான் போகும். கீழே இறக்கி, பிடியை மாற்றிப் பிடித்தேன்.

அந்த இடைவெளியில்தான் கட்டையைப் பார்த்தேன். அதுவரை வெட்ட வேண்டிய இடத்தை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டையின் ஒரு முனை ஒரு பாறை மேல், மறுமுனை இன்னொரு பாறை மேல். பாரம் முழுக்க அந்தப் பாறைகளில் இருந்தது. சாகுலின் கால் மேல் கட்டை உட்காரவில்லை, காலைச் சரளையோடு சேர்த்து நெருக்கிக்கொண்டிருந்தது. நடுவில் வெட்டித் துண்டாக்கினால் என்ன ஆகும்? இரண்டு பாதியும் உள்பக்கம் சரிந்து, அதுவரை உட்காராத அந்தப் பாரம் அவர் கால் மேல் உட்காரும். நான் கெட்டிக்காரத்தனமாக, வேகமாக, என் அனுபவம் எல்லாவற்றையும் திரட்டி அவர் காலை முடித்துவைத்திருப்பேன்.

இரண்டு முனையையும் கையால் தள்ளிப் பார்த்தேன். அசையவில்லை. அனீஸிடம் பெரிய கல்லாகப் பார்த்துக் கட்டைக்கு அடியில் இரண்டு பக்கமும் முட்டுக்கொடுக்கச் சொன்னேன். பிறகு மண்டியிட்டு, கத்தியைத் தலைகீழாகப் பிடித்து, சாகுலின் காலுக்கு அடியில் சரளையில் இறக்கினேன்.

அப்போது சாகுலுக்கு வந்த வலி கால் வலி அல்ல என்றுதான் நினைக்கிறேன்.

“அண்ணாச்சி, வெட்டச் சொன்னா தோண்டுதீங்களே.”

“வெட்டுனா கட்ட உங்க மேலதான் உக்காரும். தரையக் கீழ எறக்கினா கால் தானா வரும்.”

“முனை போயிரும் அண்ணாச்சி. ஜெர்மன் இரும்பு.”

எஸ்தர் அவர் தலையை இன்னும் கொஞ்சம் மேலே தூக்கினார். தண்ணீர் அப்போது சாகுலின் மார்புக்கு வந்திருந்தது. “அண்ணே, உங்க கால் எந்த நாட்டு இரும்பு?” என்று கேட்டார். சாகுல் சிரிக்கப் பார்த்தார். வாயில் தண்ணீர் போய் இருமினார். அதற்கப்புறம் கத்தியைப் பற்றிப் பேசவில்லை.

கல்லில் கத்தி உரசுகிற சத்தம் இப்போதும் எனக்குப் பல்லில் கேட்கும். நான் கத்தியால் குத்திக் கிளப்ப, அனீஸ் கையால் வாரி வெளியே போட்டான். அக்கா அனுப்பினாள் என்று வந்த பையன், நகம் பெயர்ந்ததைக்கூடப் பார்க்காமல் வாரினான். பள்ளத்தில் தண்ணீர் நிறைந்து கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை, தடவித் தடவித்தான் செய்தோம். கத்தி வளையவில்லை, பிடி ஆடவில்லை. ஒரு பெரிய கல்லை நெம்பும்போது முனை முறிந்தது. முறிந்த சத்தம் சாகுலுக்குக் கேட்டிருக்கும். கண்ணை மட்டும் மூடிக்கொண்டார்.

கால் இறங்கியது. ஆனால் ஷூ வரவில்லை. குதிகால் ஒரு பிளவில் மாட்டியிருந்தது. முடிச்சு நனைந்து இறுகி, அவிழ்க்க முடியவில்லை. கத்தியின் விளிம்பு அதற்குள் ஒரு கரண்டியின் விளிம்பு ஆகியிருந்தது. நான் இத்தனை வருஷமாகப் பழித்துவந்த அந்த முதுகு ரம்பத்தைத் திருப்பி லேஸில் வைத்து இழுத்தேன். அறுந்தது. காலை உருவினோம். மேட்டில் ஏற்றிய பிறகு திரும்பிப் பார்த்தால் நாங்கள் மண்டியிட்டிருந்த இடத்தில் தண்ணீர் நுரைத்துக்கொண்டு போனது. ஷூ அதோடு போய்விட்டது.

காலில் இரண்டு குச்சி வைத்துக் கட்டி, ஜீப்பின் பின்சீட்டில் படுக்கவைத்துத் தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். செங்கோட்டை ரோட்டில் அதே தடுப்பு, அதே ஏட்டையா. குனிந்து உள்ளே பார்த்தார். முகம் வெளுத்துப் படுத்திருக்கிற ஒரு ஆள். கையெல்லாம் ரத்தமாக அனீஸ். தலை முதல் கால் வரை சேறாக நான். என் மடியில் முனை முறிந்து, பல் விழுந்த அந்தக் கத்தி. முந்தின நாள் டூரிஸ்ட் சாமான் என்று விட்டது அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். முகம் மாறியது.

“அண்ணாச்சி. என்னத்த வெட்டுனீங்க?”

நடந்ததை எங்கிருந்து ஆரம்பிப்பது? பின்சீட்டிலிருந்து சாகுல்தான் தலையைத் தூக்கினார்.

“ஒரு ஷூ லேஸ், ஏட்டையா.”

அவர் சாகுலைப் பார்த்தார். ஒற்றைக் காலில் மட்டும் ஷூ. மறுகாலில் கட்டு. கத்தியைப் பார்த்தார். தடுப்பைத் தூக்கச் சொன்னார். வண்டி நகரும் முன்னால் கூடாரத்துக்குள் போய் என் அரிவாளை எடுத்துவந்து, ஜன்னல் வழியாக நீட்டினார். துண்டைத் தரவில்லை. அரிவாளை மட்டும் தந்தார்.

சாகுலுக்குக் கணுக்காலுக்கு மேலே எலும்பில் விரிசல், அவ்வளவுதான். கட்டுப் போட்டு, விடுமுறையை நீட்டித்து, ஊரில் உட்கார்ந்து நடந்ததை எல்லோரிடமும் சொல்லித் தீர்த்தார். திரும்பி விமானம் ஏறும் முன்னால், ஊன்றுகோலோடு இங்கே வந்து கத்தியைக் கொடுத்துவிட்டுப் போனார். வீட்டில் வைத்தால் மனைவி தேங்காய் உடைக்க எடுக்கப் பார்க்கிறாளாம். இங்கே இருந்தாலாவது மரியாதையாக இருக்கும் என்றார். மரியாதைக்குத்தான் மேசையில் வைத்திருக்கிறேன், நீங்கள் பழைய இரும்புக்குப் போடச் சொன்னீர்கள்.

அரிவாள் நல்லதா, கத்தி நல்லதா என்று கேட்பீர்கள். எனக்கு அரிவாள்தான் பிடிக்கும், இன்றும். விறகுக்கு அதை மிஞ்ச ஒன்றும் கிடையாது. ஆனால் அன்று அது என்னிடம் இருந்திருந்தால் இந்தக் கதை இப்படி முடிந்திருக்காது. அந்த வளைந்த மூக்கை வைத்துச் சரளையைத் தோண்ட முடியாது என்பது ஒரு பக்கம். அதைவிடப் பெரிய விஷயம், அது என் கைக்கு அவ்வளவு பழகியது. கையில் எடுத்ததும் ஓங்கியிருப்பேன், ஓங்கியதும் வெட்டியிருப்பேன். மாற்றிப் பிடிக்க வேண்டிய தேவையே வந்திருக்காது. அதனால் எந்தக் கத்தி வாங்கினாலும், கல்லில் இறக்கி நாசமாக்க மனசு வருகிற ஒன்றாக வாங்குங்கள். அழகுக்கு மனசு ஒட்டிக்கொள்கிற கத்தி வீட்டுச் சுவரில் இருக்கட்டும். துண்டில் சுற்றாமல் வெளியே தெரிகிற மாதிரி, கயிறு, மண்வெட்டியோடு சேர்த்துக் கொண்டுபோங்கள்.

இப்போது ஒவ்வொருவராக வந்து அந்த முனை உடைந்த கத்தியை எடுத்துப் பாருங்கள். பிடி கொஞ்சம் தடிமன். உங்களுக்கும் கை மாற்றிப் பிடிக்க வேண்டியிருக்கும். மாற்றிப் பிடிக்கிற அந்த நேரத்தில் கத்தியைப் பார்க்காதீர்கள். சுற்றிலும் என்ன இருக்கிறது என்று பாருங்கள்.